ஊராட்சியில் ‘நிதி இல்லை’ என்றால் எந்த நிதி இல்லை? வரவு செலவைப் படிக்கும் வழி

தெருவிளக்கு எரியவில்லை, குடிநீர் மோட்டாரில் காயில் போய்விட்டது, சாக்கடை அடைத்துக் கிடக்கிறது என்று கிராம ஊராட்சி அலுவலகத்துக்குப் போனால் அடிக்கடி கிடைக்கும் பதில், “நிதி இல்லீங்க.” சில ஊர்களில் அது முழு உண்மை. சில ஊர்களில் பணம் இருக்கும், ஆனால் அந்த வேலைக்கு அதைத் தொடக்கூடாது. வேறு சில ஊர்களில் பணமும் இருக்கும், செலவழிக்க அனுமதியும் இருக்கும், தீர்மானம் மட்டும் போட்டிருக்க மாட்டார்கள். இந்த மூன்றில் எது உங்கள் ஊரின் நிலைமை என்று கண்டுபிடிக்க ஊராட்சிக்குள் பணம் வரும் வழிகள் தெரிய வேண்டும். கீழே உள்ளவை தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சிகளுக்குப் பொருந்தும். பேரூராட்சி, நகராட்சிகளுக்குச் சட்டமும் கணக்கு முறையும் வேறு.

எந்தக் கணக்கு என்று முதலில் கேளுங்கள்

ஊராட்சியின் பணம் ஒரே உண்டியலில் கிடப்பதில்லை. கணக்கு எண் 1 என்பது பொதுநிதி. வீட்டுவரி, தொழில் வரி, கட்டணங்கள், குத்தகைப் பணம், மாநில நிதிக் குழு மானியம் எல்லாம் இங்கே வரும். பணியாளர் சம்பளம், பல்பு, குழாய் பழுது, அலுவலகச் செலவு போன்ற அன்றாடச் செலவுகள் இதிலிருந்துதான் போகின்றன. கணக்கு எண் 2 மின் கட்டணத்துக்கும், கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் தண்ணீர் வாங்கும் ஊர்களில் குடிநீர் வடிகால் வாரியத்துக்குக் கட்ட வேண்டிய தொகைக்கும் ஒதுக்கியது. கணக்கு எண் 3 அரசின் திட்டப் பணிகளுக்கானது. இவை தவிர மத்திய நிதிக் குழு மானியத்துக்கும் 100 நாள் வேலை போன்ற திட்டங்களுக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு. பணம் செலுத்தும் முறை காசோலையிலிருந்து இணையவழிக்கு மாறிவந்தாலும், பேச்சில் இந்த எண்கள்தான் புழங்குகின்றன.

ஆகவே “நிதி இல்லை” என்று சொன்னவரிடம் அடுத்துக் கேட்க வேண்டியது: “ஒண்ணாம் நம்பர் கணக்குல இப்ப இருப்பு எவ்வளவுங்க?” இந்தக் கேள்விக்கு ஊராட்சி செயலர் ரொக்கப் புத்தகத்தைப் பார்த்து ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம்.

சொந்த வருவாய்: ஊர் கையில் இருக்கும் ஒரே கயிறு

மேலிருந்து வரும் மானியத்தை ஊராட்சியால் கூட்டவும் முடியாது, சீக்கிரம் வரவைக்கவும் முடியாது. சொந்த வருவாயைக் கூட்ட முடியும். அதனால் கணக்கைப் பார்ப்பவர்கள் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான்.

வீட்டுவரி அரையாண்டுக் கணக்கில் விதிக்கப்படுகிறது: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. ரசீதில் வீட்டுவரியோடு நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். ஒவ்வொரு ரூபாய் வீட்டுவரிக்கும் 10 காசு. வீட்டுவரி 300 ரூபாய் என்றால் நூலக வரி 30 ரூபாய். இந்த 30 ரூபாய் ஊராட்சியின் பணம் அல்ல, மாவட்ட நூலக ஆணைக் குழுவுக்குச் செலுத்தியாக வேண்டும். வசூலித்துவிட்டுச் செலுத்தாமல் விட்டால் அது கடனாகச் சேரும். வரவில் நூலக வரி இருந்து, செலவில் அதைச் செலுத்தியதாகக் காட்டவில்லை என்றால் குறித்துக்கொள்ளுங்கள்.

வசூல் எப்படி இருக்கிறது என்று பார்க்க ‘கேட்பு, வசூல், நிலுவை’ப் பதிவேடு கேளுங்கள். கேட்பு என்றால் ஊராட்சிக்கு வர வேண்டிய வரித்தொகை. இதில் கவனமாக இருக்க வேண்டிய ஒரு கணக்கு இருக்கிறது. எடுத்துக்காட்டாக ஓர் ஊரில் இந்த ஆண்டின் நடப்புக் கேட்பு 2,40,000 ரூபாய், முந்தைய ஆண்டுகளின் நிலுவை 1,10,000 ரூபாய், வசூலானது 1,60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வசூலை நடப்புக் கேட்போடு மட்டும் ஒப்பிட்டால் 67 சதவீதம் என்று கௌரவமாகத் தெரியும். மொத்தக் கேட்பு 3,50,000 ரூபாய். அதோடு ஒப்பிட்டால் 46 சதவீதம்தான். கூட்டத்தில் சதவீதம் சொல்லும்போது எதன் மேல் கணக்கிட்டது என்று கேட்க வேண்டும்.

வசூல் குறைவதைவிடப் பெரிய ஓட்டை, கேட்பிலேயே சேராத கட்டடங்கள். ஊரில் வீட்டு மின் இணைப்பு எத்தனை, வரி விதிப்பு எண்கள் எத்தனை என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால் புதுவீடுகள் பதிவேட்டில் ஏறவில்லை என்று பொருள். ஒரே வீட்டுக்கு இரண்டு மின் இணைப்பு இருப்பதும் உண்டு. அதனால் இது துல்லியமான கணக்கு அல்ல, ஆனால் எங்கே தேட வேண்டும் என்று காட்டிவிடும். ஓட்டு வீடாக இருந்தபோது போட்ட வரி, இடித்துவிட்டு இரண்டு மாடி எழுப்பிய பிறகும் அப்படியே தொடர்வது இன்னொரு வழக்கமான குறை. திருமண மண்டபம், கிடங்கு, கோழிப்பண்ணைக் கட்டடம் எல்லாம் எந்த வகையில் வரி விதிக்கப்பட்டிருக்கின்றன என்றும் பாருங்கள்.

தொழில் வரிதான் பெரும்பாலான ஊர்களில் கவனிக்காமல் விடப்படுவது. அரசமைப்புச் சட்டத்தின் 276ஆவது பிரிவுப்படி ஒருவரிடம் ஆண்டுக்கு அதிகபட்சம் 2,500 ரூபாய் வரை வாங்கலாம். அரையாண்டு வருமானம் 21,000 ரூபாய்க்கு மேல் இருப்பவர்கள் இந்த வரிக்குள் வருகிறார்கள். ஊர் எல்லைக்குள் வேலை செய்யும் ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், மில் தொழிலாளர்கள், தனியார் கல்லூரி ஊழியர்கள் ஆகியோருக்கு நிறுவனமே பிடித்தம் செய்து ஊராட்சிக்குக் கட்ட வேண்டும். 40 ஊழியர்கள் அரையாண்டுக்கு ஆளுக்கு 1,000 ரூபாய் கட்டினாலே ஆண்டுக்கு 80,000 ரூபாய். பக்கத்து ஊரில் பதிவு அலுவலகம் இருக்கிறது, அங்கே கட்டுகிறோம் என்று சில நிறுவனங்கள் சொல்லும். அப்படிச் சொன்னால் அங்கே கட்டிய ரசீதின் நகலைக் கேட்டு வாங்குவது ஊராட்சியின் வேலை.

பிறகு குத்தகைகள். ஊராட்சிக்குச் சொந்தமான குளத்தின் மீன்பாசி ஏலம், புளியமர மகசூல் ஏலம், வாரச் சந்தை, கடைகளின் வாடகை, சமுதாயக் கூட வாடகை. ஏலம் விட்ட தொகை வேறு, கணக்கில் ஏறிய தொகை வேறு என்பதுதான் இங்கே நடக்கும் தவறு. முன்பணம் மட்டும் கட்டிவிட்டு மீதியை இழுத்தடிப்பார்கள். ஏலத் தீர்மானத்தில் உள்ள தொகையையும் ரசீதையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். புதிய மனைப்பிரிவு அனுமதி, கட்டட அனுமதிக் கட்டணம், குடிநீர்க் கட்டணம் ஆகியவையும் சொந்த வருவாயே. குடிநீர் இணைப்புக்கு வாங்கும் வைப்புத்தொகையை வருமானமாகக் காட்டியிருந்தால் அது கணக்குப் பிழை.

பங்காக வருபவை

ஊரில் நிலமோ வீடோ கைமாறும்போது கட்டும் 7 சதவீத முத்திரைத் தீர்வையில் 2 சதவீதம் உள்ளாட்சிகளுக்கான கூடுதல் தீர்வை. மனை விற்பனை சூடாக இருக்கும் ஊர்களில் இந்த இனம் பெரிது. கல்குவாரி, மண் குவாரி உள்ள ஊர்களில் கனிம வருவாயில் ஒரு பங்கு வரும். நிலவரியோடு சேர்த்து வி.ஏ.ஓ. வசூலிக்கும் தலவரியும் உண்டு, தொகை சிறிது. இவை அரசுத் துறைகள் வசூலித்துப் பிறகு பிரித்துத் தருபவை. ஒரு பகுதி மாநில அளவில் திரட்டப்பட்டுத் திட்டங்களாகத் திரும்பி வருகிறது. ஆகவே இந்த மாதம் ஊரில் பத்துப் பத்திரம் பதிந்தது, அடுத்த மாதம் பணம் வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

இரண்டு நிதிக் குழுக்கள், இரண்டு விதமான பணம்

மாநில நிதிக் குழு மானியம், மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குப் பிரிக்கும் ஏற்பாட்டிலிருந்து வருகிறது. ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஒரு குறைந்தபட்சத் தொகை, அதற்கு மேல் மக்கள்தொகை அடிப்படையில் பங்கு. சின்ன ஊராட்சிகள் உயிரோடு இருப்பது இந்தப் பணத்தில்தான். சம்பளத்துக்கும் அன்றாடச் செலவுக்கும் எடுக்கலாம். மின் கட்டணம், கூட்டுக் குடிநீர்க் கட்டணத்துக்கான பங்கு முன்கூட்டியே பிரிந்து கணக்கு எண் 2க்குப் போய்விடுவதால், அறிவித்த தொகைக்கும் பொதுநிதியில் ஏறும் தொகைக்கும் வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசத்தைப் பார்த்தவுடன் முறைகேடு என்று முடிவுகட்ட வேண்டாம். கணக்கு எண் 2இன் வரவைச் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

மத்திய நிதிக் குழு மானியத்துக்குக் கட்டுப்பாடு அதிகம். 2021-22 முதல் 2025-26 வரையிலான 15ஆவது நிதிக் குழுக் காலத்தில் பிரிவினை இப்படி: 30 சதவீதம் குடிநீர், மழைநீர்ச் சேமிப்பு, நீர் மறுசுழற்சிக்கு, 30 சதவீதம் சுகாதாரம், தூய்மைப் பணிகளுக்கு, மீதி 40 சதவீதம் ஊரின் தேவைக்கேற்ப. முதல் இரண்டையும் அலுவலகத்தில் ‘டைடு’ என்றும் மூன்றாவதை ‘அன்டைடு’ என்றும் சொல்வார்கள். அன்டைடு பணத்திலும் சம்பளம், நிர்வாகச் செலவு செய்ய முடியாது. ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வந்தால் 3 லட்சம் குடிநீருக்கு, 3 லட்சம் தூய்மைக்கு, 4 லட்சம் சாலை, தெருவிளக்கு போன்றவற்றுக்கு. குடிநீர்ப் பங்கில் 2 லட்சம் மீதி கிடக்கும்போதே சிமென்ட் சாலைக்கு நிதி இல்லை என்று சொல்வது சரியான பதிலாக இருக்கலாம். அதே ஊரில் குழாய் மாற்ற நிதி இல்லை என்றால் அது சரியான பதில் அல்ல. 2026 ஏப்ரலிலிருந்து 16ஆவது நிதிக் குழுவின் காலம். பழைய ஆண்டுகளின் விகிதத்தைப் புதிய ஆண்டுக் கணக்கில் தேட வேண்டாம்.

இந்தப் பணம் நின்றுபோகவும் காரணங்கள் உண்டு. தணிக்கை செய்த கணக்கை இணையத்தில் ஏற்றவில்லை என்றால் நிற்கும். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்றாலும் நிற்கும். தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து 2019 டிசம்பர் வரை ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடக்கவில்லை. ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபரில்தான் நடந்தது. தேர்தல் நடக்காததைக் காரணம் காட்டி மத்திய அரசு மானியத்தை நிறுத்திவைத்தது. தேர்தல் தள்ளிப்போவது அரசியல் செய்தி என்று நினைத்து நாம் கடந்துபோகிறோம். அதன் விலை குழாயடியிலும் சாக்கடையிலும்தான் வந்து விழுகிறது.

படிவம் 30ஐ எங்கிருந்து படிக்கத் தொடங்குவது

கிராம சபையில் வரவு செலவு, படிவம் 30 என்ற அறிக்கையாக வைக்கப்படும். சுருக்கம் பிளக்ஸ் பேனராகவும் இருக்க வேண்டும். மேலிருந்து கீழாகப் படித்தால் தலை சுற்றும். முதலில் தொடக்க இருப்பையும் இறுதி இருப்பையும் மட்டும் பாருங்கள். சென்ற முறை காட்டிய இறுதி இருப்பு இந்த முறைத் தொடக்க இருப்பாக இருக்க வேண்டும். பைசா மாறக் கூடாது. இதற்காகவே ஒவ்வொரு கூட்டத்திலும் பேனரைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, செலவில் பெரிய மூன்று இனங்களைக் குறியுங்கள். அந்த மூன்றுக்கு மட்டும் கேள்வி கேட்டால் போதும். எல்லா வரியையும் கேட்கப்போனால் கூட்டம் முடிந்துவிடும், ஒன்றுக்கும் பதில் கிடைக்காது.

மத்திய நிதிக் குழுப் பணத்துக்கு இ-கிராம் ஸ்வராஜ் தளத்தைப் பாருங்கள். அறிக்கைகள் பகுதியில் ஆண்டு, மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்துகொண்டே போனால், ஒப்புதலான பணிகளின் பட்டியலும் வரவு செலவும் கிடைக்கும். பட்டியலில் ‘முடிந்தது’ என்று இருக்கும் பணியை நேரில் போய்ப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

செலவைச் சரிபார்க்க இரண்டு சிறு கணக்குகள்

தெருவிளக்கு: ஊரில் 150 எல்.இ.டி. விளக்குகள், ஒவ்வொன்றும் 20 வாட், இரவு 12 மணி நேரம் எரிகின்றன என்றால் மொத்தம் 3 கிலோவாட். ஒரு நாளைக்கு 36 யூனிட், மாதத்துக்குச் சுமார் 1,080 யூனிட். தெருவிளக்கு மின் இணைப்புகளின் ரசீதுகளில் 2,000 யூனிட்டுக்கு மேல் வந்தால் பகலிலும் விளக்கு எரிகிறது, பழைய குழல்விளக்குகள் மாற்றப்படவில்லை, அல்லது அந்த லைனில் வேறு யாரோ மின்சாரம் எடுக்கிறார்கள். பல ஊர்களில் காரணம் முதலாவதுதான். சுவிட்ச் போடும் ஆள் வராத நாளில் மறுநாள் மதியம் வரை எரியும். டைமர் பொருத்தினால் அந்தச் செலவு நின்றுவிடும்.

பிளீச்சிங் பவுடர்: மேல்நிலைத் தொட்டியில் 1,000 லிட்டருக்கு 4 கிராம். 30,000 லிட்டர் தொட்டிக்கு ஒரு முறை 120 கிராம், நாளுக்கு இருமுறை நிரப்பினால் 240 கிராம், மாதத்துக்கு 7.2 கிலோ, ஆண்டுக்கு 90 கிலோவுக்குள். ஒரே தொட்டி உள்ள ஊரில் ஆண்டுக்கு 1,000 கிலோ வாங்கியதாகச் செலவுச் சீட்டு இருந்தால் இருப்புப் பதிவேட்டைக் கேளுங்கள். சாக்கடை ஓரம் தூவவும், காய்ச்சல் காலத்திலும் கூடுதலாகப் பயன்படுத்தியிருக்கலாம். அப்படியானால் அது எந்தத் தெருவுக்கு எத்தனை கிலோ என்று வழங்கிய பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். குறைவாக வாங்கியிருந்தாலும் கவலைப்பட வேண்டும்: வெறும் தண்ணீர் வருகிறது என்று பொருள். தொட்டிக்குத் தொலைவில் உள்ள கடைசிக் குழாயில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள்.

மோட்டார் பழுதுச் சீட்டுகளையும் இப்படியே வரிசைப்படுத்திப் பாருங்கள். ஒரே மோட்டாருக்கு ஆண்டில் நான்கு முறை காயில் கட்டியிருந்தால் மின்னழுத்தக் குறைவோ, ஆழ்துளைக் கிணற்றில் நீர் இறங்கி மோட்டார் வறண்டு ஓடுவதோ காரணமாக இருக்கும். தானாக நிறுத்தும் பேனல் ஒன்று வைக்கும் செலவு, திரும்பத் திரும்பக் காயில் கட்டுவதைவிடக் குறைவு. கழற்றிய பழைய செம்புக் கம்பி இருப்பில் ஏறியதா என்றும் பார்க்க வேண்டும்.

பணம் இருந்தும் வேலை நிற்கும் இடங்கள்

தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் உள்ள ஊராட்சியில் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லாத ஊரில் தூய்மைப் பணியாளருக்கும் தொட்டி இயக்குபவருக்கும் மாதக்கணக்கில் சம்பளம் நிற்கும். அங்கே போய் நிதி பற்றிப் பேசிப் பயனில்லை. வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி) என்ற பி.டி.ஓ.விடம் எழுத்துமூலம் புகார் கொடுங்கள், ஒரு நகலை ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்புங்கள். பணியாளர் சம்பளம் நிற்பதை எழுதும்போது எத்தனை பேர், எந்த மாதத்திலிருந்து என்று எழுதினால் கோப்பு சீக்கிரம் நகரும்.

கட்டுமானப் பணிகள் மதிப்பீடு, ஒன்றியப் பொறியாளரின் தொழில்நுட்ப அனுமதி ஆகியவற்றில் தேங்கும். வேலை முடிந்த பிறகும், செய்த வேலையின் அளவைக் குறிக்கும் அளவுப் புத்தகத்தில் (பேச்சில் ‘எம்.புக்’) பதிவாகாமல் பணம் கொடுக்க முடியாது. பணி எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று கேட்கும்போது ‘மதிப்பீடு போட்டாச்சா, அனுமதி வந்தாச்சா, எம்.புக்ல ஏறிடுச்சா’ என்று பிரித்துக் கேளுங்கள்.

கிராம சபையிலும் அதற்குப் பிறகும்

ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 3ஆவது பிரிவு, கிராமத் திட்டம், ஆண்டு வரவு செலவுத் திட்டம், முந்தைய ஆண்டின் தணிக்கை அறிக்கை ஆகியவற்றுக்கு ஒப்புதல் தரும் அதிகாரத்தைக் கிராம சபைக்குக் கொடுக்கிறது. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். ஆள் குறைவாக இருக்கும்போது வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கினால் போடாதீர்கள். தீர்மானம் எழுதி, வாசித்து, பிறகு கையெழுத்து.

கோரிக்கையைத் தீர்மானமாக்கும்போது நிதி இனத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். “வடக்குத் தெருவில் தண்ணீர் வரவில்லை, ஆவன செய்ய வேண்டும்” என்ற தீர்மானம் கோப்பில் தூங்கும். “வடக்குத் தெருவில் 120 மீட்டர் குழாய் மாற்றும் பணியை மத்திய நிதிக் குழு மானியத்தின் குடிநீர்ப் பங்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்” என்று எழுதினால் ஒன்றிய அலுவலகம் ஒன்று அனுமதிக்க வேண்டும், இல்லை காரணம் சொல்ல வேண்டும்.

பதிவேடுகளைக் காட்ட மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு. 10 ரூபாய் கட்டணம், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். 30 நாளில் பதில் வர வேண்டும், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். “ஏன் வேலை நடக்கவில்லை” என்று கேட்காதீர்கள், அதற்குத் தகவல் இல்லை என்று பதில் வரும். குறிப்பிட்ட நிதியாண்டின் கணக்கு எண் 1 ரொக்கப் புத்தக நகல், கேட்பு வசூல் நிலுவைப் பதிவேட்டு நகல், குறிப்பிட்ட பணியின் அளவுப் புத்தகப் பக்கங்கள், கடைசித் தணிக்கை அறிக்கை என்று ஆவணங்களின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். நகல் நிறைய வரும் என்றால் அலுவலகத்திலேயே நேரில் ஆய்வு செய்ய அனுமதி கேட்கலாம். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. தணிக்கை அறிக்கை கைக்கு வந்ததும் அதில் உள்ள தணிக்கைத் தடைகளின், அதாவது தணிக்கையாளர் எழுப்பிய ஆட்சேபங்களின், எண்களை மட்டும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஊராட்சி தந்த விளக்கம் என்ன, எது இன்னும் நிலுவை என்று அடுத்த கிராம சபையில் வரிசையாகக் கேளுங்கள்.